பேரிங் பார்க்க என்வலப் கருவிகள்: எது கைகொடுக்கும், எது ஏமாற்றும்

பேரிங்கின் அதிர்வை அளந்து கோளாறைத் தேடும் கருவியின் விளம்பரத் தாளில் 'என்வலப் அனலிசிஸ் வசதி உண்டு' என்று ஒரு வரி இருக்கும்; பேரிங் எழுப்பும் சின்னத் தட்டுகளை மற்ற இரைச்சலிலிருந்து பிரித்துக் காட்டும் முறை அது. அந்த ஒரு வரியைப் போட்டுக்கொண்டு நான்கு விதமான சரக்கு விற்பனைக்கு வருகிறது. ஒரே ஒரு எண்ணைக் காட்டும் பேனா மீட்டர், கையில் எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகச் சுற்றும் டேட்டா கலெக்டர், ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் உறை) ஒட்டிவிட்டு மறந்துவிடும் வயர்லெஸ் சென்சார், கடைசியாக ஒரு ஆக்சிலரோமீட்டரை (அதிர்வை அளக்கும் சென்சார்) லேப்டாப்பில் செருகி நாமே கணக்குப் போடும் ஏற்பாடு. நான்கும் ஒன்றல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபில்டர் பட்டையை (வடிகட்டி எடுக்கும் அதிர்வெண் வீச்சு) மாற்ற விடாமல், டைம் வேவ்ஃபார்மையும் (அதிர்வு நொடிக்கு நொடி ஏறி இறங்கும் மூலப் பதிவு) கையில் கொடுக்காமல் இருக்கும் கருவி, பேரிங்கில் 'ஏதோ' கோளாறு என்று மட்டும்தான் சொல்லும். என்ன கோளாறு, எந்த ரேஸில் (பால்கள் உருளும் உள் அல்லது வெளி வளையம்), இன்னும் எவ்வளவு ஓட்டலாம் என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. அந்த அளவுக்கு ஸ்க்ரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்கும் பழைய கையே சொல்லிவிடும்.

ஏன் பட்டை அவ்வளவு முக்கியம் என்பது ஒரு பேரிங்கைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். 6205 என்ற எண்ணுள்ள பேரிங் என்று வைத்துக்கொள்வோம்: 9 பால், பாலின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், பிட்ச் விட்டம் (பால்களின் மையங்கள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம்) 39.04 மில்லிமீட்டர். மோட்டார் 1480 ஆர்பிஎம்மில் ஓடுகிறது, அதாவது ஷாஃப்ட் விநாடிக்கு 24.67 சுற்று. அவுட்டர் ரேஸில் கடுகளவு ஒரு குழி விழுந்திருக்கிறது. ஒவ்வொரு பால் அதைக் கடக்கும்போதும் ஒரு 'டிக்'. விநாடிக்கு 88.4 டிக், 11.3 மில்லி விநாடிக்கு ஒன்று. தட்டு சின்னதுதான், ஆனால் மிகக் கூர்மையானது. அது ஹவுசிங்கை மணியைத் தட்டியதுபோல் அதன் சொந்த அதிர்வெண்ணில் ஒலிக்க வைக்கிறது. அது 4 கிலோஹெர்ட்ஸ் என்றால், ஒன்றிரண்டு மில்லி விநாடியில் அந்த ஒலி அடங்கிவிடும். மிச்ச நேரமெல்லாம் அமைதி, பிறகு அடுத்த டிக்.

ஆக, பேரிங் அனுப்பும் சக்தி இருப்பது 4 கிலோஹெர்ட்ஸில். சாதாரண வெலாசிட்டி ஸ்பெக்ட்ரத்தில் (அதிர்வின் வேகத்தை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் படம்) 88.4 ஹெர்ட்ஸில் போய்த் தேடினால் ஆரம்பக் கட்டத்தில் ஒன்றும் அகப்படாது. அந்தப் பக்கம் அன்பேலன்ஸ், மிஸ்அலைன்மென்ட், பெல்ட், பிளேடு எல்லாம் சேர்ந்து போடும் இரைச்சலில் அது அமுங்கிக் கிடக்கும். என்வலப் செய்வது இவ்வளவுதான்: 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை மட்டும் வடிகட்டி எடுத்து, அந்த ஒலியின் ஏற்ற இறக்கத்தின் வெளிக்கோட்டை வரைந்து, அந்தக் கோட்டுக்கு ஸ்பெக்ட்ரம் போடுகிறது. வெளிக்கோடு விநாடிக்கு 88.4 முறை எழும்புவதால் 88.4, 176.9, 265.3 என்று வரிசையாகக் கோடுகள் நிற்கும். வடிகட்டும் இடம் தவறினால், உதாரணமாக ஒலி 4 கிலோஹெர்ட்ஸில் இருக்க ஃபில்டர் 10 முதல் 12 கிலோஹெர்ட்ஸில் நின்றால், பேரிங் நாசமாகிக்கொண்டிருக்கும்போதே திரை சுத்தமாக இருக்கும். கருவி பொய் சொல்லவில்லை; இல்லாத இடத்தில் தேடச் சொல்லியிருக்கிறோம்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாலின் விட்டத்தைப் பிட்ச் விட்டத்தால் வகுத்து, கான்டாக்ட் கோணத்தின் (பால் ரேஸைத் தொடும் சாய்வு) கொசைனால் பெருக்கினால் ஒரு பின்னம் வரும். ஒன்றிலிருந்து அதைக் கழித்து, பால் எண்ணிக்கையில் பாதியாலும் ஷாஃப்ட் வேகத்தாலும் பெருக்கினால் அவுட்டர் ரேஸ் அதிர்வெண். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் இன்னர் ரேஸ். நம் 6205-க்கு ஷாஃப்ட் வேகத்தின் 3.585 மடங்கும் 5.415 மடங்கும் வரும். இரண்டையும் கூட்டினால் சரியாக 9, பால் எண்ணிக்கை. கருவியின் டேட்டாபேஸ் தரும் எண்களை இந்த ஒரு கூட்டலால் சரிபார்த்துவிடலாம். கூட்டுத்தொகை முழு எண்ணாக வராவிட்டால் யாரோ தப்பாக உள்ளிட்டிருக்கிறார்கள். பேரிங் விவரமே தெரியாத இடத்தில் பால் எண்ணிக்கையின் 0.4 மடங்கு அவுட்டர், 0.6 மடங்கு இன்னர் என்று வைத்துக்கொண்டு தேடலாம். கேஜ் (பால்களை இடைவெளி விட்டுப் பிடித்திருக்கும் கூடு) ஷாஃப்ட் வேகத்தின் ஏறக்குறைய 0.4 மடங்கில் சுற்றும்.

பேரிங் டேட்டாபேஸை ஒரு பெரிய அம்சமாக விற்பார்கள். நேரம் மிச்சமாகும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே எண்ணுள்ள பேரிங்கில் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பால் எண்ணிக்கையும் அளவும் மாறலாம். ஆங்குலர் கான்டாக்ட் பேரிங்கில் அச்சுவாட்டு லோடு கூடும்போது கோணமே மாறி எண்கள் நகரும். போதாததற்குப் பால்கள் வழுக்கும், அதனால் கணக்குக்கும் அளவுக்கும் 1 முதல் 2 சதவீதம் வித்தியாசம் இருப்பது இயல்பு. நாலு தசமத்துக்குப் பொருந்துவதைவிட, ஷாஃப்ட் வேகத்தின் முழு மடங்கில் விழாத ஒரு வரிசை இருக்கிறதா என்று பார்ப்பதே பயன். 3.57 மடங்கில் ஒரு குடும்பமே நின்றால் அது கப்ளிங்கும் அல்ல, அன்பேலன்ஸும் அல்ல.

பக்கப்பட்டைகள், அதாவது முக்கியக் கோட்டுக்கு இரு பக்கமும் வரும் துணைக்கோடுகள்தான் இடத்தைக் காட்டிக்கொடுப்பவை. அவுட்டர் ரேஸ் நகராது, அதன் குழி எப்போதும் ஒரே லோடில் இருக்கும், அதனால் கோடுகள் தனியாக நிற்கும். இன்னர் ரேஸ் குழி ஒவ்வொரு சுற்றிலும் லோடு பகுதிக்குள் (பாரம் விழும் பக்கம்) போய் வெளியே வரும், அதனால் 133.6-க்கு இரு பக்கமும் 24.7 தள்ளி, 108.9-லும் 158.3-லும் துணைக்கோடுகள் வரும். பால் கோளாறு என்றால் துணைக்கோடுகளின் இடைவெளி கேஜ் வேகமான 9.8. பாலின் குழி ஒரு சுழற்சியில் இரண்டு ரேஸையும் தொடுவதால் 58.1-ஐவிட அதன் இரட்டிப்பான 116.3 பெரும்பாலும் தூக்கலாகத் தெரியும். அவுட்டர் ரிங் சுற்றும் அமைப்புகளில், கன்வேயர் ஐட்லர் போன்றவற்றில், இந்தக் கதை தலைகீழ். டேட்டாபேஸ் அதை எச்சரிக்காது.

இனி சரக்குகளுக்கு வருவோம்.

பேனா மீட்டரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் எந்த அளவியிலும் 1 அல்லது 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வருவது நம்பத்தக்கது அல்ல. அழுத்தமும் சாய்வும் மாறினால் எண்ணும் மாறும். பேரிங் பேசுவதோ அதற்கு மேலே. 'பேரிங் கண்டிஷன்' என்று அது காட்டும் எண்ணை, ஒரே ஆள், ஒரே புள்ளி, ஒரே லோடு என்ற கட்டுப்பாட்டோடு மாதக்கணக்கில் எழுதி வைத்தால் போக்கு தெரியும். அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இதில் விதிவிலக்கு ஷாக் பல்ஸ் முறைக் கருவிகள். அவற்றின் சென்சாரே 32 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிரும்படி ட்யூன் செய்யப்பட்டது, அதனால் மெஷினின் கீழ்த்தள ஆட்டத்தைக் கண்டுகொள்ளாது. ஷாஃப்ட் விட்டத்தையும் வேகத்தையும் கொடுத்தால் அந்தப் பேரிங்குக்கான தொடக்க அளவைக் கழித்துவிட்டு ஒரு டெசிபல் எண் தரும்: 20 வரை பச்சை, 35 வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. நல்ல விஷயம், இரண்டு எண் தருவது. ஒன்று உச்சத் தட்டு, மற்றொன்று எப்போதும் அடியில் ஓடும் 'கம்பள' அளவு. இரண்டுக்கும் இடைவெளி அதிகம் என்றால் ரேஸில் சேதம். இரண்டும் உயர்ந்து இடைவெளி ஒட்டிக்கிடந்தால் பெரும்பாலும் கிரீஸ் பட்டினி. ஒரு ஃபிட்டர் கையில் கொடுத்து அனுப்ப இதைவிட ஒழுங்கான சாதனம் குறைவு. குறை என்னவென்றால், சென்சாருக்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரே ஒரு உலோக இணைப்பு மட்டும் இருக்க வேண்டும். ஃபேன் கவர், மெல்லிய தகடு, இரண்டு துண்டு ஹவுசிங்கின் வேறு துண்டு என்று ஏதாவது குறுக்கே வந்தால் 32 கிலோஹெர்ட்ஸ் அங்கேயே செத்துவிடும்.

டேட்டா கலெக்டர்தான் இந்த வேலைக்கென்றே பிறந்தது. இதிலும் இரண்டு குலம். பேரிங் நிறுவனமான எஸ்கேஎஃப் வழி வந்த ஆக்சிலரேஷன் என்வலப்பிங்கில் நான்கு நிலையான பட்டைகள்: 5 முதல் 100 ஹெர்ட்ஸ், 50 முதல் 1000, 500 முதல் 10,000, 5,000 முதல் 40,000. முதலாவது 50 ஆர்பிஎம்முக்குக் கீழே ஊரும் மெஷின்களுக்கு, இரண்டாவது 25 முதல் 500 ஆர்பிஎம் வரை, மூன்றாவது 250 முதல் 5,000 வரை, நான்காவது அதிவேகத்துக்கு. சாதாரண மோட்டார், பம்ப், ஃபேன் எல்லாம் மூன்றாவதில் அடங்கிவிடும், அதனால் கற்றுக்கொள்ள எளிது. ஆனால் 500-லிருந்தே தொடங்குவதால் கியர் பாக்ஸில் மாட்டினால் பல் மோதும் அதிர்வெண்ணும் உள்ளே வந்துவிடும். அங்கே கீழ் எல்லையைக் கியர் மெஷ்ஷின் மூன்றாம் மடங்குக்கு மேலே தூக்க முடிகிற கருவி வேண்டும்.

இன்னொரு குலம் எமர்சன் நிறுவனத்தின் பீக்வியூ. கண்டிப்பாகச் சொன்னால் இது என்வலப் அல்ல. 102.4 கிலோஹெர்ட்ஸில் மாதிரி எடுத்து, ஒவ்வொரு சிறு இடைவெளியிலும் வந்த உச்சத்தை மட்டும் பிடித்து வைக்கிறது; சராசரி வழவழப்பில் உச்சம் கரைந்துபோவதில்லை. அதனால் தட்டின் உண்மையான உயரம் கையில் கிடைக்கிறது, போக்கு வரைய இது பெரிய வசதி. அதில் ஹை பாஸ் ஃபில்டரை (ஓர் எல்லைக்கு மேலுள்ள அதிர்வெண்ணை மட்டும் விடுவது) ஸ்பெக்ட்ரத்தின் உச்ச அதிர்வெண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ வைக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. இரண்டு குலத்தில் எது சிறந்தது என்ற பட்டிமன்றத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு: ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடவே கூடாது. கருவியை மாற்றிய மாதத்தில் எல்லா பேரிங்கும் ஒரே நேரத்தில் 'கெட்டுப்போனது' போலவோ 'குணமானது' போலவோ தெரியும். பழையதும் புதியதுமாக இரண்டையும் கொஞ்ச காலம் ஒரே புள்ளியில் சேர்த்து எடுக்காமல் மாற வேண்டாம்.

அமைப்பில் எதை எங்கே வைப்பது? நம் 6205 மோட்டாருக்கு என்வலப் ஸ்பெக்ட்ரத்தின் உச்சம் 1000 ஹெர்ட்ஸ், 1600 கோடு (அந்த வீச்சைப் பிரிக்கும் பிரிவுகள்) போதும். கோட்டுக்குக் கோடு 0.625 ஹெர்ட்ஸ், ஒரு பதிவுக்கு 1.6 விநாடி, அதற்குள் கேஜ் 15 சுற்று சுற்றிவிடும். இந்தக் கேஜ் கணக்குதான் எல்லா வேகத்துக்கும் பொருந்தும் அளவுகோல், 10 முதல் 15 சுற்றாவது பதிவில் இருக்க வேண்டும். 30 ஆர்பிஎம் மெஷினில் கேஜ் விநாடிக்கு 0.2 சுற்று, அப்போது 75 விநாடிப் பதிவு தேவை. பல கருவிகள் இந்த இடத்தில்தான் மூச்சுவாங்கும்; வாங்கும் முன் 'ஒரே பதிவில் அதிகபட்சம் எத்தனை கோடு, எத்தனை விநாடி' என்று கேட்டுவிடுங்கள். பட்டையின் அகலத்தையும் கவனிக்க வேண்டும். 500 ஹெர்ட்ஸ் அகலப் பட்டையை எடுத்துவிட்டு 1000 ஹெர்ட்ஸ் வரை ஸ்பெக்ட்ரம் போட்டால் மேல் பாதி வெறும் காலி மனை. இன்னர் ரேஸ் அதிர்வெண்ணின் நாலைந்து மடங்காவது அகலம் வேண்டும்.

சரியான பட்டையைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த வித்தை எதுவும் தேவையில்லை. என்வலப்பை அணைத்துவிட்டு, 20 கிலோஹெர்ட்ஸ் வரை வெறும் ஆக்சிலரேஷன் ஸ்பெக்ட்ரம் எடுங்கள். தரைமட்ட இரைச்சல் எங்கே வைக்கோல்போர் போல மேடு தட்டியிருக்கிறதோ அங்கேதான் ஹவுசிங் ஒலிக்கிறது. மெஷின் நிற்கும்போது ஹவுசிங்கைச் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட அதே மேடு வரும். பட்டையை அதன்மேல் வையுங்கள். 'ஆட்டோ பேண்ட்' பொத்தான் உள்ள கருவிகள் பெரும்பாலும் குர்டோசிஸை (பதிவில் கூர்மையான துள்ளல் எவ்வளவு என்று சொல்லும் எண்) வைத்துத் தேர்வு செய்கின்றன. சாதாரண இரைச்சலுக்குக் குர்டோசிஸ் 3. கூர்மையான தட்டுகள் இருந்தால் ஏறும். ஆனால் பதிவின் நடுவே யாரோ ஸ்பேனரைக் கீழே போட்டால் அந்த ஒற்றைத் தட்டுக்கும் குர்டோசிஸ் எகிறும், பொத்தான் அந்தப் பட்டையைப் பெருமையோடு பரிந்துரைக்கும். ஆட்டோவை நம்பலாம், டைம் வேவ்ஃபார்மில் தட்டுகள் சீரான இடைவெளியில் வருகின்றனவா என்று கண்ணால் பார்த்த பிறகு.

கருவிக்குச் செலவழித்துவிட்டுச் சென்சாரைப் பொருத்துவதில் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். ஒரு ஜி முடுக்கத்துக்கு 100 மில்லிவோல்ட் தரும் இண்டஸ்ட்ரியல் ஆக்சிலரோமீட்டர் 10 கிலோஹெர்ட்ஸ் வரை நேர்மையாக வேலை செய்யும், ஆனால் ஸ்டட் (திருகாணி) போட்டு முறுக்கினால் மட்டும். பசை வைத்த பேட் அதற்கு அடுத்தபடி. தட்டையான, சுத்தமான இரும்பில் தட்டை மேக்னெட் என்றால் 5 கிலோஹெர்ட்ஸ் சுமாருக்கு நம்பலாம். வளைந்த ஹவுசிங்கில் இரண்டு கால் மேக்னெட் 2 கிலோஹெர்ட்ஸிலேயே தடுமாறும். பெயின்ட்டின்மேல் மேக்னெட் வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சுரண்டிவிட்டு, ஒரு சொட்டு கிரீஸ் தடவி, ஒரு விளிம்பை முதலில் தொட்டு மெல்ல உருட்டி உட்கார வையுங்கள். 'டப்' என்று அடித்து ஒட்டினால் அந்த அதிர்ச்சியில் சென்சார் நிலைகுலைந்து, அடுத்த சில விநாடிக்கு ஸ்பெக்ட்ரத்தின் இடது ஓரம் பெரிய சரிவாக வரும். வைக்கும் இடம் லோடு பகுதி: கிடைமட்டப் பம்பில் கீழ்ப்புறம், பெல்ட் ஃபேனில் பெல்ட் இழுக்கும் பக்கம், த்ரஸ்ட் பேரிங்கில் அச்சுவாட்டில்.

கேபிளைச் சந்தேகிக்க ஒரு சுலப வழி, பயஸ் வோல்டேஜை, அதாவது சென்சாரில் எப்போதும் நிற்கும் மின்னழுத்தத்தைக் காட்டும் கருவி. ஐஈபிஈ வகைச் சென்சாரில் (சிக்னல் கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கி ஓடுவது) அது 12 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் ஷார்ட், சப்ளை வோல்டேஜ் அப்படியே நின்றால் கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த எண்ணைத் திரையில் காட்டாத டேட்டா கலெக்டருக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிடலாம். அறுந்த கேபிளின் இரைச்சலை வைத்துப் பேரிங்கை மாற்றச் சொன்ன ரிப்போர்ட்டுகள் இந்தத் துறையில் அபூர்வம் அல்ல.

வயர்லெஸ் சென்சார் விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே இருக்க வேண்டியிருக்கிறது. பெட்டிக்குள் எந்த மெம்ஸ் சிப் (அதிர்வை உணரும் நுண் சிப்) என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஏடிஎக்ஸ்எல்345 போன்ற பொதுப் பயன்பாட்டுச் சிப் விநாடிக்கு அதிகபட்சம் 3200 மாதிரி தரும், அதாவது 1600 ஹெர்ட்ஸ் வரைதான் பார்வை. அதில் என்வலப் போடுவது யானையைப் பானைக்குள் தேடுவது. ஏடிஎக்ஸ்எல்1002 போன்றவை 11 கிலோஹெர்ட்ஸ் வரை போகும், 21 கிலோஹெர்ட்ஸில் ஒத்ததிரும். இவற்றை வைத்து உருப்படியாகப் பேரிங் பார்க்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியது மூன்று. பொருத்திய நிலையில், சிப்பின் தாளில் அல்ல, எத்தனை கிலோஹெர்ட்ஸ் வரை வரும்? ஒரு பதிவு எத்தனை விநாடி, அதை அப்படியே இறக்கிக்கொள்ள முடியுமா? பதிவு எடுத்த நொடியில் ஷாஃப்ட் வேகம் என்னவென்று அதற்கு எப்படித் தெரியும்? மூன்றாவதற்குத்தான் பெரும்பாலும் மழுப்பல் வரும். விஎஃப்டியில் (வேகத்தை மாற்றும் டிரைவ்) ஓடும் மோட்டாருக்குப் பெயர்ப்பலகை வேகத்தைப் போட்டு வைத்தால், கோடுகள் ஒவ்வொரு பதிவிலும் வேறு இடத்தில் நிற்கும், மென்பொருள் 'பேரிங் நலம்' என்று பச்சை விளக்குக் காட்டிக்கொண்டிருக்கும். கை எட்டாத உயரத்திலோ சூட்டிலோ கிடக்கும் ஃபேனுக்கு இது வரப்பிரசாதம். நடந்து போய்த் தொடக்கூடிய மெஷினுக்கு டேட்டா கலெக்டருக்குப் பதிலாக இதை வாங்குவது பின்னடைவு.

லேப்டாப் ஏற்பாடுதான் இருப்பதிலேயே நேர்மையானது, ஏனென்றால் அதில் எதுவும் ஒளிந்திருக்காது. ஐஈபிஈ சென்சார், அதற்குக் கரண்ட் கொடுக்கும் 24 பிட் யூஎஸ்பி டாக் (சிக்னலை எண்களாக்கிப் பதியும் பெட்டி), விநாடிக்கு 51,200 மாதிரி. பைத்தானில் சைபை என்ற கணக்கு நூலகம் இருந்தால் போதும். முதலில் பட்டர்வொர்த் பேண்ட் பாஸ் ஃபில்டர், முன்னும் பின்னுமாக ஓட்டி. பிறகு ஹில்பர்ட் உருமாற்றம், அதன் மட்டு மதிப்பு; அதுதான் வெளிக்கோடு. அதிலிருந்து சராசரியைக் கழிக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் தவறாமல் மறப்பது இந்தக் கழித்தலைத்தான். மறந்தால் பூஜ்ய ஹெர்ட்ஸில் வானளாவ ஒரு கோடு நின்று மற்றதையெல்லாம் குள்ளமாக்கிவிடும். கடைசியில் பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் ஹேனிங் ஜன்னல், ஸ்பெக்ட்ரம் தரும் எஃப்எஃப்டி. மேட்லேப் வைத்திருப்பவர்களுக்கு என்வலப் ஸ்பெக்ட்ரமும் குர்டோகிராமும் (எந்தப் பட்டையில் குர்டோசிஸ் அதிகம் என்று காட்டும் படம்) தயார் ஃபங்ஷன்களாகவே கிடைக்கின்றன. குறை: ஈரமும் எண்ணெயும் உள்ள இடத்தில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐம்பது புள்ளி சுற்ற முடியாது, தொடர்ந்து போக்கு வரையும் டேட்டாபேஸையும் நாமே கட்ட வேண்டும். ஒரு சிக்கல் மெஷினில் உட்கார்ந்து துப்புத் துலக்க இதற்கு இணை இல்லை.

எந்த மென்பொருளை எடைபோடவும் பொதுவில் கிடைக்கும் ஒரு உரைகல் இருக்கிறது, கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தின் பேரிங் பதிவுகள். 2 குதிரைத்திறன் மோட்டார், டிரைவ் எண்டில் அதே 6205, ரேஸிலும் பாலிலும் மின்பொறியால் போட்ட குழிகள், விட்டம் 0.18 மில்லிமீட்டரிலிருந்து தொடங்கும். 105 என்ற பதிவு இன்னர் ரேஸ், 130 அவுட்டர், 118 பால், 97 நல்ல பேரிங். 1797 ஆர்பிஎம்மில் இன்னர் 162.2, அவுட்டர் 107.4 ஹெர்ட்ஸ். இந்த இரண்டையும், இன்னருக்கு அதன் துணைக்கோடுகளையும் காட்டத் தெரியாத மென்பொருளை மூடி வைத்துவிடலாம். பால் பதிவுகளில் தடுமாறினால் மன்னிக்கலாம், அவை கைதேர்ந்தவர்களுக்கே பிடிகொடுக்காதவை. இதில் நூற்றுக்கு நூறு வாங்கியதாகப் பெருமை பேசும் செயற்கை நுண்ணறிவுப் பெட்டிகளைச் சற்றுத் தள்ளி வைத்தே பாருங்கள். ஆய்வகக் குழி கூர்மையான விளிம்போடு இருக்கும். உண்மையில் உரிந்து வரும் ரேஸ் அப்படி இருக்காது.

எந்தக் கருவியானாலும் சறுக்கும் இடங்கள் பொதுவானவை. கேவிட்டேஷன் உள்ள பம்பில் குமிழிகள் வெடிப்பதால் என்வலப்பின் தரைமட்டம் முழுக்க உயரும், ஆனால் கோடுகள் இருக்காது. மொத்த எண்ணை மட்டும் பார்த்து பேரிங் ஆர்டர் போட்டால் புதிய பேரிங்கிலும் அதே எண்தான் வரும். ஷாஃப்ட் வேகமும் அதன் மடங்குகளுமாக மட்டும் என்வலப்பில் நின்றால் உரசல், லூசான ஃபிட், ஷாஃப்ட்டின்மேல் வழுக்கும் இன்னர் ரிங் என்று யோசிக்க வேண்டும். மின்சப்ளை அதிர்வெண்ணின் இரட்டிப்பில், 50 ஹெர்ட்ஸ் சப்ளை என்றால் 100-ல், ஒரு கோடு நின்று அது பேரிங் எண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் மோட்டாரை நிறுத்தும்போது கவனியுங்கள். மின்சாரக் கோடு ஸ்விட்சோடு சேர்ந்து அணையும்; பேரிங் கோடு வேகத்தோடு சேர்ந்து மெல்ல இறங்கும். விஎஃப்டியின் ஸ்விட்சிங் அதிர்வெண்ணும் சில கிலோஹெர்ட்ஸில்தான் இருக்கிறது, உங்கள் பட்டை அதன்மேல் உட்கார்ந்திருந்தால் பார்ப்பது பேரிங்கை அல்ல, டிரைவை. ஷாஃப்ட் வழியாகக் கரண்ட் பாய்ந்து ரேஸில் வாஷ்போர்டு போல வரிவரியாக விழுந்திருந்தால், சில கிலோஹெர்ட்ஸில் மலைபோல ஒரு கூட்டம் எழும்பி, அதன் கோடுகள் பேரிங் அதிர்வெண் இடைவெளியில் நிற்கும். அங்கே பேரிங்கை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் திரும்ப வந்து நிற்பீர்கள். எர்த்திங் பிரஷ்ஷோ இன்சுலேட்டட் பேரிங்கோ போட்டாக வேண்டும்.

கிரீஸ் குறைவையும் சேதத்தையும் பிரிக்க என்வலப்பே ஒரு சோதனை தரும். அளவு எடுங்கள். மில்லிமீட்டரில் பேரிங்கின் வெளிவிட்டத்தை அகலத்தால் பெருக்கி 0.005-ஆல் பெருக்கினால் கிராம் கணக்கு வரும். 6205-க்கு 52 பெருக்கல் 15 பெருக்கல் 0.005, கிட்டத்தட்ட 4 கிராம். அதை மட்டும் போட்டு அரை மணி ஓடவிட்டுத் திரும்ப எடுங்கள். இது கிரீஸ் நிப்பிள் உள்ள பேரிங்குக்குத்தான், சீல் போட்டதற்கு அல்ல. தரைமட்டம் இறங்கி அங்கேயே தங்கினால் பட்டினிதான் காரணம். இறங்கிய தரைமட்டம் இரண்டே நாளில் மறுபடி ஏறினாலோ, தரை இறங்கியும் 88.4 வரிசை அசையாமல் நின்றாலோ ரேஸ் உரிந்துகொண்டிருக்கிறது. இருக்கட்டும் என்று கூடுதலாக இரண்டு பம்ப் அடித்தால் கிரீஸ் கடையப்பட்டு பேரிங் சூடேறும், சோதனையும் வீண்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான சறுக்கல், எண் குறையும்போது நிம்மதியடைவது. சேதம் முற்றும்போது குழியின் கூர்மையான விளிம்பை பால்களே மழுக்கிவிடுகின்றன. தட்டுகள் மந்தமாகும், சீரான இடைவெளி குலையும், என்வலப் கோடுகள் தரை இரைச்சலில் அமிழும். ஏறிக்கொண்டே வந்த எண் திடீரென்று இறங்கும். யாரும் கிரீஸ் போடவில்லை, லோடும் வேகமும் மாறவில்லை, ஆனாலும் இறங்கியிருக்கிறது என்றால் அன்றைக்கே வெலாசிட்டி ஸ்பெக்ட்ரத்தைத் திறந்து பாருங்கள்; அதுவரை அங்கே இல்லாத பேரிங் அதிர்வெண்கள் இப்போது இருக்கும், ஹவுசிங் சூடும் ஏறியிருக்கும். என்வலப் எண்ணுக்கு மட்டும் அலாரம் வைக்க விடும் மென்பொருள் இந்த இடத்தில் மௌனமாக இருக்கும். குறைந்தாலும் மணி அடிக்கும்படி, வெலாசிட்டி, வெப்பம் இரண்டையும் சேர்த்து அலாரம் அமைக்க முடிகிறதா என்பதை டெமோவிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள்.

டெமோ என்றால் விற்பவர் பெட்டியில் கொண்டுவரும் ஆட்டப் பொம்மை ரிக்கில் அல்ல. ஏற்கெனவே கெட்டுப்போனதென்று தெரிந்த உங்கள் மெஷின் ஒன்றில், மேக்னெட்டில் ஒருமுறை, ஸ்டட்டில் ஒருமுறை, இரண்டு வேறு பட்டையில் எடுக்கச் சொல்லுங்கள். நான்கு பதிவின் வேவ்ஃபார்மையும் சிஎஸ்வியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பேரிங்கைக் கழற்றும்போது சுத்தியலால் ரேஸை அடிக்காமல் புல்லரால் இழுத்து, அவுட்டர் ரிங்கைக் கிரைண்டரில் குறுக்கே அறுத்துத் திறந்து, குழியை ஸ்கேலோடு படம் எடுத்து அந்தப் பதிவுகளோடு சேர்த்து வையுங்கள்; ஹவுசிங்கில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கழற்றும் முன்னரே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட மறக்க வேண்டாம்.